இரண்டாவது பிரேக்

புத்தகம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு வரிதான் பாக்கி. அந்த ஒரு வரி சின்னவளின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

சின்னவள் என்றதும் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். தலை பாதி நரைத்து, சாயம் பூசுவதையும் அலுத்துப்போய் விட்டுவிட்டவள். வீட்டில் இரண்டு பெண்கள், இவள் இளையவள், அதனால் சின்னவள். கிழவியானாலும் சின்னவள்தான். தொழில், கார் ஓட்டச் சொல்லித் தருவது. வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். வாசலில் நிற்கும் வெள்ளைக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதைப் போலப் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் தடுமாறினால், சொல்லித் தருகிறவர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம்.

அந்த இரண்டாவது பிரேக்தான் புத்தகத்துக்கே அடிப்படை. பெயர் 'பக்கத்து சீட்டிலிருந்து'. கார் ஓட்டுவதைப் பற்றிய புத்தகம் என்று யாராவது வாங்கினால் ஏமாந்துபோவார்கள். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று உட்கார்ந்து தானே கணக்கைப் போட்டுவிடுகிற அப்பா, அம்மாவுக்கு போனைக் கற்றுத் தருகிறேன் என்று போனையே பிடுங்கிக்கொள்கிற மகள், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்லாவை விட்டு நகராத பெரியவர் என்று ஆளுக்கோர் அத்தியாயம். எங்கே சுற்றினாலும் கடைசியில் அவள் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். ஒருவர் கற்றுக்கொள்ளும்போது பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டிய ஒரே வேலை, சும்மா இருப்பது. முதல் பக்கத்திலேயே அடித்துச் சொல்லியிருந்தாள்: 'நான் இரண்டாவது பிரேக்கைத் தொடுவதே இல்லை.'

பதிப்பகம் எதையும் அவள் தேடிப் போகவில்லை. "என் வண்டியை நான் ஓட்டிக்கறேன்" என்று சொல்லி, சொந்தச் செலவிலேயே போடுவதென்று தீர்மானித்துவிட்டாள். பெயர்ப்பலகை செய்யும் கடை வைத்திருக்கும் அவளுடைய வீட்டுக்காரர் பக்கங்களை அடுக்கி, அட்டையையும் வரைந்தார். பிழை திருத்துவது அக்கா. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்றவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள், கையில் சிவப்புப் பேனா இல்லாமல் செய்தித்தாள்கூடப் படிக்காதவள். அவள் 'சரி' என்று கையெழுத்துப் போட்டால்தான் அச்சகத்துக்குப் போகும். இது எழுதாத சட்டம்.

இந்த இடத்தில்தான் சிக்கல். கடைசி அத்தியாயத்தின் தலைப்பே 'என் அக்கா'.

அத்தான் போனதிலிருந்து அவருடைய கார் அக்கா வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. எங்கே போக வேண்டுமென்றாலும் யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்து நிற்பது அக்காவுக்கு வெறுத்துவிட்டது. ஒருநாள் தங்கையிடம் வந்து, "எனக்கு ஓட்டக் கத்துக்குடு. அவர் காரை நானே எடுக்கணும்" என்றாள். அவ்வளவு வயதில் ஒருத்தி புதிதாகக் கற்றுக்கொள்ள வந்து நிற்கிறாள், அதுவும் சொந்த அக்கா. புத்தகத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்குமா? சின்னவள் ஆர்வக்கோளாறில் அத்தியாயத்தை முன்கூட்டியே எழுதிவிட்டாள். கடைசி வரி: 'என் அக்கா முதல் முறையிலேயே லைசென்ஸ் வாங்கினாள்.'

அக்கா முதல் முறை தோற்றாள். சின்னவள் 'முதல்' என்பதை அடித்து 'இரண்டாவது' என்று திருத்தினாள். அக்கா இரண்டாவது முறையும் தோற்றாள். திருத்தப் பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்து சேர்ந்தது: 'தகவல் பிழை. இன்னும் வாங்கவில்லை.'

இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் கவிழ்ந்தாள். வெள்ளைக் கோட்டில் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும். வளைவு, பின்னால் எடுப்பது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது எல்லாம் சுத்தமாகச் செய்தாள். கோட்டுக்கு வரும்போது மட்டும் வண்டியின் மூக்கு அதைத் தாண்டிப் போய் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி காலை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் 'தோல்வி' என்று குறித்துக்கொண்டார். மூன்றாவது முறையும் தவறினால் விண்ணப்பத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். அப்படி ஆனால் காருக்கு மேல் கிடக்கும் துணியை எடுக்கவே மாட்டேன், விற்றுவிடுவேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். சின்னவளுக்குப் பெரிய கவலை அதுதான், புத்தகம்கூட அப்புறம்.

வேடிக்கை என்னவென்றால், பயிற்சியில் அக்கா பிசகியதே இல்லை. பழைய கிடங்குக்குப் பின்னால் ஆளரவமில்லாத மைதானத்தில் சின்னவள் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டில் அக்கா கொண்டுவந்து நிறுத்தினால் அளவுகோல் வைத்துப் பார்க்கலாம்.

"பாத்தியா? நான் ஒண்ணுமே பண்ணல. எல்லாம் நீதான்" என்பாள் சின்னவள், பெருமை பொங்க.

"அப்புறம் அங்க போனா மட்டும் ஏன் ஓடுது?"

"பயம். நாலாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேனே."

"நாலாவது அத்தியாயத்தைத் திருத்தினதே நான்தான். எனக்குப் பயமில்ல. டெஸ்ட் அன்னிக்கு அந்த பிரேக் கல்லு மாதிரி இருந்துச்சு."

வண்டியில் கோளாறோ என்று மெக்கானிக்கிடம் காட்டினார்கள். பெடலைத் தட்டிப் பார்த்து, கீழே படுத்துப் பார்த்து, குறையே இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை மூவரும் சாப்பாட்டு மேசையில் கூடினார்கள். காபி ஒரு பக்கம், அச்சிட்ட தாள்கள் ஒரு பக்கம். வீட்டுக்காரர் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். நீல நிறம், ஒரு காலி சீட்டின் படம்.

"அட்டையில உன் பேரு…" என்று ஆரம்பித்தார்.

"சின்னதாவே இருக்கட்டும், அதானே சொல்ல வந்தீங்க? எனக்கும் அதுதான் பிடிச்சிருக்கு" என்று முடித்துவைத்தாள் சின்னவள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு வாக்கியத்தையும் முழுசாக முடித்ததில்லை. அவர் சாதுவான மனுஷன், இல்லையென்றால் என்றைக்கோ மேசையைக் கவிழ்த்திருப்பார்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு முதல் பக்கத்தை எடுத்து, 'தொடுவதே இல்லை' என்ற இடத்தைச் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"இது உண்மையா?"

"என்னக்கா கேள்வி இது? என் தொழிலே அதுதான். தொட்டா எனக்குத் தெரியாதா?"

"சரி" என்றாள் அக்கா. அவள் 'சரி' என்று சொல்லும்போது மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவளிடம் படித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை பாருங்கள்.

பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் அச்சகத்துக்காரர் போன் செய்தார். "அம்மா, காகிதம் வாங்கி வச்சுட்டேன். இந்த வாரம் விட்டா மெஷின் வேற வேலைக்குப் போயிடும்" என்றார். சின்னவள் வாசலில் நின்று அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அக்கா முன்னாலேயே போய் வண்டிக்குள் குனிந்து எதையோ தேடினாள். மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறாள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கும் அக்கா அசத்தினாள். போட்ட கோட்டில் பொட்டு வைத்த மாதிரி நிறுத்தினாள், திரும்பத் திரும்ப நிறுத்தினாள். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆபீஸ் அறைக்குள் மேலும் கீழும் நடந்தபடி வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருந்தாள்.

"கையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேங்க. மூச்சுகூட விடல. சும்மா இருக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு ஜனங்களுக்குப் புரியணும்."

வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். கறுப்புத் தரை, காலையில்தான் துடைத்தது. அதில் வாசலிலிருந்து மேசை வரை, மேசையிலிருந்து ஜன்னல் வரை, வெள்ளை வெள்ளையாகக் காலடித் தடம். எல்லாம் ஒரே கால், வலது கால்.

"ஷூவைத் திருப்பிக் காட்டு" என்றாள் அக்கா, நாற்காலியில் சாய்ந்தபடி. பிறகு கைப்பையைத் திறந்து பாதி கரைந்த ஒரு சாக்பீஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். "போறதுக்கு முன்னாடி உன் பக்கத்து பெடல்ல நல்லா தேய்ச்சு வச்சேன்."

சின்னவள் ஷூவைக் கழற்றித் திருப்பினாள். பெடலின் வரிகள்கூட அச்சு மாதிரி விழுந்திருந்தன.

விஷயம் ரொம்பச் சுலபம். அந்த இரண்டு பெடலும் ஒரு கம்பியால் கோக்கப்பட்டவை. ஒன்றை அழுத்தினால் மற்றதும் இறங்கும். கோடு நெருங்கும்போது சின்னவளின் கால் அவளுக்கே தெரியாமல் போய் மெல்ல, பூப்போல அழுத்தியிருக்கிறது. அக்கா கால் வைக்கும்போது பெடல் ஏற்கெனவே பாதி இறங்கியிருக்கும். மீதியை அவள் மிதித்திருக்கிறாள். பிரேக் என்றாலே அவ்வளவு மிருதுவாகத்தான் இருக்கும் என்று நம்பியும் விட்டாள். டெஸ்டில் அந்த அதிகாரி காலை இழுத்துக்கொண்டதும், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முழு பிரேக்கை மிதிக்க வேண்டி வந்தது. பாதி மிதித்தாள், வண்டி ஓடிவிட்டது.

சின்னவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவமானம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"திருட்டுத்தனமா இப்படிப் பண்ணுவியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"கேட்டேனே. தொட்டா தெரியாதான்னு சொன்ன."

"அப்ப இத்தனை வருஷமா எல்லாருக்கும் நான்தான் பிரேக் போட்டேனா? புத்தகமே பொய்யா?"

"அதையும் பார்த்துடுவோம்" என்றாள் அக்கா. விஞ்ஞான டீச்சர் ஆயிற்றே, ஒரு சோதனையோடு நிறுத்துவாளா? சாயங்காலம் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள். புதுசு, கியர் எது கிளட்ச் எது என்று இன்னும் தடுமாறுகிறவள், கோட்டையே பார்க்காமல் ஓட்டுகிறவள். மறுபடி பெடலில் சாக்பீஸ். வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் பெடலில் தூள் அப்படியே இருந்தது. சின்னவளின் ஷூ துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

மூவரும் அந்த ஷூவைச் சுற்றி நின்றார்கள். முதலில் பேசியது வீட்டுக்காரர். "அப்ப வெளியாளுங்ககிட்ட…"

"வெளியாளுங்ககிட்ட சரியாத்தான் இருக்கேன், சொந்தக்காரங்ககிட்டதான்…" என்று பாய்ந்த சின்னவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வாக்கியத்துலயும் உன் காலை வச்சிருக்க" என்றாள் அக்கா.

அதற்குமேல் சின்னவளால் வீராப்பாக நிற்க முடியவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பொண்ணு இடிச்சா வண்டி போகும், சரி பண்ணிக்கலாம். நீ இடிச்சா? அத்தானும் போயாச்சு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குன்னு பொறந்த வீட்டுல யாருக்கா இருக்கா? என் கால் என் பேச்சைக் கேக்கலன்னா நான் என்ன பண்ணட்டும்?"

அக்கா எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தாள். "தெரியும்டி. ஆனா நீ இப்படிக் காப்பாத்திக்கிட்டே இருந்தா நான் அவர் காரை எடுக்கவே முடியாது. அதுல ஒரே ஒரு பிரேக்தான் இருக்கு."

டெஸ்டுக்கு ஒரு வாரம்கூட இல்லை. மறுநாள் மைதானத்தில் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். அதைக் கேட்டுச் சின்னவள் முதலில் சிரித்தாள், அக்கா சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்திக்கொண்டாள். ஷூவைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டாள். பக்கத்து சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, அந்தக் கோலத்தில், கதை கேட்க வந்தவள் மாதிரி இருந்தாள்.

முதல் ஓட்டத்தில் வண்டி கோட்டைத் தாண்டி, அதற்கப்பால் அவர்கள் அடையாளத்துக்கு வைத்திருந்த அட்டைப்பெட்டியையும் நசுக்கிவிட்டுத்தான் நின்றது. சின்னவளின் முழங்கால் துடித்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்பதும் நிபந்தனையில் சேர்த்தி.

அக்கா குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். பிறகு காலால் பெடலை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள்.

"ஓ, இவ்வளவு தூரம் போகணுமா இது" என்றாள், தனக்குத்தானே. அவள் முகத்தில் ஏமாற்றம் துளிகூட இல்லை. சரியான விடை கிடைத்துவிட்ட பிள்ளையின் முகம் அது. "அடுத்த பெட்டியை வை."

அன்றைக்குப் பெட்டிகள் நிறையச் செத்தன. அடுத்த நாள் குறைவாகச் செத்தன. அதற்கடுத்த நாள் வண்டியின் மூக்கு கோட்டைத் தொட்டு நின்றது. சின்னவள் சம்மணம் போட்டபடியே உட்கார்ந்திருந்தாள். தான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிப் பெருமையடிக்க வாயெடுத்தாள், பிறகு அதையும் விழுங்கிவிட்டாள். அது சொல்லாமலே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அச்சகத்துக்குப் போன் செய்தாள். "மெஷினை வேற வேலைக்கு விட்டுடுங்க. கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எழுதணும்" என்றாள்.

"பிழை பெருசாம்மா?"

"பெருசுதான். ஆனா இப்ப நல்ல புத்தகமா வரும்" என்றாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உட்கார்ந்து எழுதினாள். சாக்பீஸ், கறுப்புத் தரை, நசுங்கிய பெட்டிகள், தன் துடித்த முழங்கால் எல்லாவற்றையும் எழுதினாள். முதல் பக்கத்தில் 'தொடுவதே இல்லை' என்றிருந்ததை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தாள்: 'வெளியார் ஓட்டும்போது சும்மா இருப்பது சுலபம். நம் வீட்டு ஆள் ஓட்டும்போது நம் கால் நம்மிடமே பொய் சொல்லும்.' லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அக்கா ஜெயித்தாலும் தோற்றாலும் அத்தியாயம் நிற்கும். எழுதி முடித்து அக்காவின் பையில் வைத்தாள்.

டெஸ்ட் நாளில் வெயில் பளிச்சென்று இருந்தது. வண்டியில் அதிகாரி ஏறிக்கொண்டார், வழக்கம்போல் காலை இழுத்துக்கொண்டார். சின்னவளும் வீட்டுக்காரரும் மதில் ஓரமாக நின்றார்கள். அக்கா வளைவைத் திருப்பினாள், மேட்டில் ஏறி இறங்கினாள், கோட்டை நோக்கி வந்தாள்.

"இங்க பாரு, அந்த அட்டையில உன் பேரு…" என்றார் வீட்டுக்காரர், நேரம் காலம் தெரியாமல்.

சின்னவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் பழக்கமில்லாமல் திணறினார். வழக்கமாக இந்த இடத்தில் யாராவது முடித்துவைப்பார்களே என்று அவளைப் பார்த்தார். அவள் முடிக்கவில்லை.

"…இன்னும் பெருசா போடணும். நல்லா பெருசா. அன்னிக்கே அதைத்தான் சொல்ல வந்தேன்."

சின்னவள் அவர் பக்கம் திரும்பிவிட்டாள். இத்தனை வருஷம் இவர் என்னென்ன சொல்ல வந்தாரோ என்று நினைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மறுபடி திரும்பிப் பார்க்கும்போது வண்டி கோட்டில் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவள் பார்க்கவே இல்லை.

அதிகாரி எதையோ குறித்தார். அவர் முகத்தில் இப்போதும் ஒரு சுருக்கமும் இல்லை. ஆனால் இறங்கும்போது கதவைப் பிடித்தபடி, "நல்ல கால்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மூவரும் அக்கா வீட்டுக் கொட்டகைக்குப் போனார்கள். அக்கா துணியை உருவினாள். தூசி கிளம்பியது. பழைய கார், ஆனால் அத்தான் வைத்திருந்தபடியே பளபளவென்று இருந்தது. அக்கா ஓட்டும் சீட்டில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தனக்குத் திருப்பி வைத்துக்கொண்டாள். பையிலிருந்து திருத்தப் பிரதியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். கடைசிப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'சரி', அதற்குக் கீழே கையெழுத்து. தேதி நேற்றையது.

"டெஸ்டுக்கு முன்னாடியே போட்டுட்டியா?"

"அதுல இப்ப பிழை ஒண்ணும் இல்லையே" என்றாள் அக்கா. "மாப்பிள்ளை, நீங்க பின்னாடி ஏறுங்க. இவ முன்னாடி உட்காரட்டும். உட்காந்தாத்தான் புத்தி வரும்."

தெருவைக் கடந்து பெரிய சாலைக்கு வந்தார்கள். பக்கத்தில் பஸ்ஸும் லாரியும் உறுமிக்கொண்டு போயின. தூரத்தில் விளக்கு மஞ்சளாகி, சிவப்பானது. முன்னால் ஒரு லாரியின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. சின்னவளின் வலது கால் அவளைக் கேட்காமலே போய்த் தரையை அழுத்தியது. கீழே ஒன்றுமில்லை, வெறும் மிதியடி. அவள் இன்னும் பலமாக அழுத்தினாள்.

வண்டி மெல்லத் தணிந்து, லாரிக்கு நல்ல இடைவெளி விட்டு, கோட்டுக்குப் பின்னால் நின்றது.

"அமுக்கிக்கோ, அமுக்கிக்கோ" என்றாள் அக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க ஒண்ணும் இல்ல."

பின் சீட்டில் வீட்டுக்காரர் எதையோ சொல்ல ஆரம்பித்தார். சின்னவள் செருப்பை உதறிவிட்டு, இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.